பச்சையில் எழுதிய வரி

பரிசு கிடைத்திருப்பதாகப் போன் வந்தபோது நான் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன். என் புருஷன் ஹியூ செத்துப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. முப்பத்தோரு வருடக் குடித்தனத்தில் என் வீடு இவ்வளவு சுத்தமாக ஒரு நாளும் இருந்ததில்லை. அழுகை வராதவர்களுக்குத் துடைப்பதற்கு ஏதாவது வேண்டும்.

“மிஸஸ் டாம்ப்ளின்? ஹாலம் பரிசு அலுவலகத்துல இருந்து இமோஜன் பேசறேன். உக்காந்திருக்கீங்களா?”

“முட்டி போட்டிருக்கேன். சொல்லுங்க.”

“நீங்களும் உங்க கணவரும் செஞ்ச மொழிபெயர்ப்புக்குத்தான் இந்தத் தடவை பரிசு. மூணு நடுவர்களும் ஒரே மனசா முடிவு பண்ணாங்க.”

நான் நன்றி சொன்னேன். அந்தப் பெண் இன்னும் எதையோ எதிர்பார்த்தாள் போலிருக்கிறது. நான் இன்னொரு முறை நன்றி சொன்னேன்.

ஹாலம் பரிசு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, இத்தாலியப் புத்தகத்தை ஆங்கிலத்துக்குக் கொண்டுவருகிறவர்களுக்குத் தருவது. இந்தத் தொழிலில் இருப்பவர்களை ஒரு பஸ்ஸில் ஏற்றிவிடலாம். அதில் பாதிப் பேருக்குப் பாதிப் பேரோடு பேச்சுவார்த்தை கிடையாது. ஹியூ மூன்று முறை இறுதிப் பட்டியலில் வந்து, மூன்று முறையும் மட்டமான வெள்ளை ஒயினைக் குடித்துவிட்டு, கடைசி ரயிலில் பெட்ஃபோர்டுக்குத் திரும்பியவன். நான்காவது முறை கிடைத்தது. ஆள்தான் இல்லை.

சாயங்காலம் நடுவர்களின் அறிக்கையை இமோஜன் அனுப்பிவைத்தாள். பேராசிரியர் மால்கம் ஃபேர்வெதர் எழுதியது. நடுவர்களில் இத்தாலி மொழி நன்றாகத் தெரிந்தவர் அவர்தான். புத்தகத்தைப் பற்றி நான்கு வரி. மீதி எல்லாம் கடைசிப் பக்கத்தைப் பற்றி.

‘நாவல் முழுவதும் ஒரு சொல்கூடப் பேசாத ஒரெஸ்தே, இறந்தபின் கடைசிப் பக்கத்தில் மனைவி ஆர்ஜியாவிடம் பேசுகிறான். மேற்கோள் குறி இல்லை, அறிவிப்பு இல்லை. “நீ சொன்னதுதான் சரி. அடுப்பில் சூப் இருக்கிறது. எனக்காகக் காத்திருக்காதே.” மூலத்தில் இந்த இடத்தில் இப்படி ஒரு வரி இல்லை. முந்தைய அத்தியாயங்களில் ஆங்கிலத்துக்குள் வர மறுத்த மென்மையையெல்லாம் சேர்த்துவைத்து, மொழிபெயர்ப்பாளர்கள் இங்கே ஈடுசெய்திருக்கிறார்கள். துணிச்சலான ஈடு. கலையின் உச்சம்.’

இரண்டு முறை படித்தேன். பிறகு மாடிப்படிக்கு அடியில் இருந்த அட்டைப்பெட்டியைப் பிரித்தேன். பதிப்பகம் அனுப்பியது, நான் பிரிக்காமலே வைத்திருந்தது. மேலே இருந்த புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன்.

ஆர்ஜியா ஜன்னலைச் சாத்தினாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். நீ சொன்னதுதான் சரி. அடுப்பில் சூப் இருக்கிறது. எனக்காகக் காத்திருக்காதே. வெளியே தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

அவ்வளவுதான். நாவல் முடிந்துவிட்டது.

அது ஒரெஸ்தே பேசியது இல்லை. ஹியூ பேசியது. என்னிடம்.

நாங்கள் வேலை செய்த விதத்தைச் சொன்னால்தான் இது விளங்கும். காலையில் ஹியூ சமையலறை மேஜையில் உட்கார்ந்து முதல் வரைவு எழுதுவான். மதியம் இரண்டு மணிக்கு நான் அதே கம்ப்யூட்டரில் உட்காருவேன். அவன் ஆற்றோரமாக நடக்கப் போய்விடுவான். வேலையைப் பற்றி வாயால் பேசிக்கொள்வதில்லை என்று கல்யாணமான இரண்டாம் வருடமே முடிவு செய்திருந்தோம். பேசினால் சண்டை. ஆகவே சொல்ல வேண்டியதைக் கதைக்கு நடுவிலேயே, எந்த இடத்தில் சந்தேகமோ அந்த இடத்திலேயே, அவன் பச்சை எழுத்தில் எழுதிவைப்பான். நான் சிவப்பில் பதில் எழுதுவேன். ‘இந்த மீனுக்கு ஆங்கிலத்தில் பேர் உண்டா?’ ‘இல்லை, விலாங்குக் குஞ்சு என்றே போடு.’ நாளாக நாளாக வீட்டு விஷயமும் அதிலேயே சேர்ந்துகொண்டது. கொலை நடக்கும் பக்கத்துக்கு நடுவில் ‘முட்டை தீர்ந்துவிட்டது’ என்று பச்சையில் இருக்கும். படித்தாயிற்று என்பதற்கு அடுத்தவர் ‘பார்த்தேன்’ என்று எழுத வேண்டும். எழுதியபின்தான் இரண்டையும் அழிக்கலாம். அது விதி. பதிப்பகத்துக்கு அனுப்பும் முன் ஒரு பச்சை, ஒரு சிவப்பு மிச்சமிருக்காது. இருபத்திரண்டு புத்தகம் அப்படித்தான் போனது.

இருபத்துமூன்றாவதில் சண்டை வாயால் வந்தது. அதே கடைசிப் பக்கத்துக்காகத்தான்.

நவம்பர், செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. ஆர்ஜியா நாற்காலியில் உட்காரும் இடத்தில் ‘ஒருவழியாக’ என்று ஒரு சொல்லைச் சேர்க்க வேண்டும் என்றான் ஹியூ. மூலத்தில் அது இல்லை. அவ்வளவு மொட்டையாக விட்டால் ஆங்கில வாசகனுக்கு மூச்சு முட்டும் என்றான்.

“முட்டட்டும். நாப்பது வருஷம் அவளுக்கு முட்டுச்சுல்ல. ஒரு சொல்லும் சேர்க்கக் கூடாது.”

“ஒரே ஒரு சொல்லு, அசுந்தா. யாருக்கும் தெரியாது.”

“எனக்குத் தெரியும்.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துகிற குணம் என் பரம்பரையில் இல்லை. எங்கள் அப்பா இத்தாலியின் மொலிஸே மலையிலிருந்து பெட்ஃபோர்டு செங்கல் சூளைக்கு வந்தவர். மேஸ்திரியோடு சண்டை போட்டே மூன்று சூளை மாறினார். நான் ஹியூவைப் பார்த்துச் சொன்னேன்: “நீ படிச்சு வாங்கின மொழி இது. நான் பால் குடிக்கறப்பவே கேட்ட மொழி. உன் காதுல அது ஏறவே ஏறாது.”

முப்பத்தோரு வருடம் சொல்லாமல் வைத்திருந்த வாக்கியம் அது. சொல்லிவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு ஊரின் அந்தக் கோடியில் இருக்கும் என் தங்கை ஃபிலோமினா வீட்டுக்குப் போய்விட்டேன். அங்கே உட்கார்ந்து அவன் போன் செய்வான், மன்னிப்புக் கேட்பான் என்று காத்திருந்தேன். இரண்டு மணி ஆனது. வேலைக்கு உட்காரும் நேரம். வீம்புக்கு இன்னும் கொஞ்சம் இருப்போம் என்று இருந்தேன். நாலு மணிக்குப் போன் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து.

மத்தியானம் நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறதென்று அவனே டாக்ஸி பிடித்துப் போயிருக்கிறான். பெயர் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவன் அப்படியே சரிந்துவிட்டானாம்.

ஒரு வார்த்தை சொல்லாமல் போனான், என்மேல் இருந்த கோபத்தோடேயே போனான் என்றுதான் பதினான்கு மாதமும் நினைத்திருந்தேன். அதனால் அழுகை வரவில்லையா, அல்லது வேறு எதனாலா, தெரியாது. பல் டாக்டர் ஊசி போட்டபின் கன்னத்தைக் கிள்ளிப் பார்ப்பது மாதிரி அவ்வப்போது கிள்ளிப் பார்ப்பேன். ஒன்றும் தெரியாது. திரும்பத் துணியை எடுத்துக்கொண்டு எதையாவது துடைக்கப் போவேன்.

அந்தக் கடைசி அத்தியாயத்தை நான் திறக்கவே இல்லை. ஜனவரியில் பதிப்பகம் நச்சரித்தபோது கோப்பை அப்படியே அனுப்பிவிட்டேன். முந்தைய அத்தியாயங்கள் எல்லாம் நான் துடைத்துவைத்தவை. கடைசி அத்தியாயம் ஹியூவின் முதல் வரைவு, கை படாதது. பதிப்பகத்தின் கம்ப்யூட்டர் எல்லா நிறத்தையும் கறுப்பாக்கிவிடும். அங்கே மெய்ப்புப் பார்த்தவருக்கு இத்தாலி மொழி தெரியாது. அச்சுப்படி வந்தபோது ‘எல்லாம் சரி’ என்று திறக்காமலே கையெழுத்துப் போட்டேன். திருடன் வந்து போனபின்கூட இப்படி ஒருத்தி கதவைத் திறந்துபோட்டு வைத்திருக்க மாட்டாள்.

அப்படித்தான் ஹியூ எனக்கு எழுதியது நாவலுக்குள் போனது. மதியம் இரண்டு மணிக்கு நான் கட்டாயம் வந்து உட்காருவேன் என்று நம்பி, சண்டை நடந்த இடத்திலேயே எழுதியிருக்கிறான். நீ சொன்னதுதான் சரி. ‘ஒருவழியாக’ அங்கே இல்லை. ஒரு சொல்லும் சேர்க்க மாட்டேன் என்று அவன் ஒப்புக்கொண்ட வரியே சேர்ந்துகொண்டுவிட்டது.

பேராசிரியர் இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டிருக்கிறார். மூலத்தில் இல்லாததைக் கண்டுபிடித்தும் இருக்கிறார். சாதாரண ஆள் என்றால் ‘இது என்ன பிசகு’ என்று கேட்டிருப்பான். எங்கள் தொழிலில் ஊறினவர்களுக்கு அது முடியாது. ஓரிடத்தில் இழந்ததை இன்னோரிடத்தில் ஈடுசெய்வது என்று ஒரு வழக்கம் எங்களிடம் உண்டு. அந்த வழக்கத்தின் மேல் பாரத்தைப் போட்டுவிட்டார். செத்துப்போன புருஷன் பேசுகிறான் என்றும் எழுதிவிட்டார். அந்த மட்டில் அவர் சொன்னது தப்பில்லை.

மறுநாள் ஃபிலோமினாவுக்குப் போன் செய்தேன். கேட்டு முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் இருந்தாள். அவளுக்கு அது பெரிய காரியம்.

“இதுல என்னடி பிரச்சனை?”

“அது புத்தகத்துல இல்லாத வரி.”

“புத்தகத்துல அச்சடிச்சிருக்கான்ல? அப்ப இருக்கு. கரும்பு தின்னக் கூலி குடுக்கறான், வேணாங்கறியா? வாங்கிட்டு வாய மூடிட்டு வா. ஹியூ ஆத்மா சந்தோஷப்படும்.”

“ஆத்மாவப் பத்தி உனக்கென்ன தெரியும்.”

“ஞாயித்துக்கெழம ஒழுங்கா பூசைக்குப் போறவ நான். உன்னவிடத் தெரியும். விழாவுக்கு நானும் வர்றேன். புதுக் கோட்டு வாங்கியிருக்கேன்.”

சொல்லிவிட்டால் பரிசு போகும். அடுத்த பதிப்பில் வரியும் போகும். ஹியூ எனக்கு விட்டுப்போன ஒரே வார்த்தை அச்சில் இருப்பது அந்த ஓர் இடத்தில்தான். சொல்லாவிட்டால் இரண்டும் இருக்கும். இதை மூன்று வாரம் யோசித்தேன் என்று சொன்னால் பொய். மூன்று வாரம் அடுப்பைத் தேய்த்தேன். அந்த அடுப்பின்மேல் அன்று சூப் இருந்ததா என்று நினைவுபடுத்திப் பார்த்தேன். அந்த வாரம் வீட்டில் யார் வந்தார்கள், யார் போனார்கள், ஒன்றும் நினைவில் இல்லை.

விழா பிப்ரவரியில், லண்டனில், பழைய வங்கிக் கட்டிடம் ஒன்றின் மேல்மாடியில். ஹாலம் பரிசில் ஒரு சம்பிரதாயம் உண்டு. பரிசு வாங்கும் முன் நூலாசிரியர் மேடையேறி நடுவர்கள் தேர்ந்த பக்கத்தை இத்தாலி மொழியில் படிப்பார். அதே பக்கத்தை மொழிபெயர்த்தவர் ஆங்கிலத்தில் படிப்பார். அதன்பின்தான் உறையைக் கையில் கொடுப்பார்கள். இந்த வருடம் எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டியதில்லை.

நூலாசிரியர் நீவெஸ் ஃபெல்லெத்தி, இத்தாலியில் கொமாக்கியோ ஊர்க்காரி. எழுபத்தெட்டு வயது. கழிமுகத்தில் விலாங்கு பிடிக்கும் குடும்பம். கடிதத்தில் மட்டுமே பழகியிருந்தோம். கட்டிடத்தின் பின்பக்க இரும்புப் படியில் சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றாள். என் மார்பளவுதான் இருந்தாள். நான் பெயரைச் சொன்னதும் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

“உன் புருஷனுக்காக வருத்தப்படறேன். நல்ல கடுதாசி எழுதுவார்.”

“உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கடைசிப் பக்கத்துல—”

“நீயா சொல்றியான்னுதான் பாத்துட்டிருந்தேன்” என்றாள் நீவெஸ். “எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ் மீன் சந்தைக்கு வர்ற டூரிஸ்டுங்ககிட்டப் பேசற அளவுதான். ஆனா கடைசிப் பக்கம் எனக்கு மனப்பாடம். அதுல சூப் கிடையாது.”

“கிடையாது.”

“ஒரெஸ்தே அடுப்புல சூப் வெச்சுட்டுப் போற ஆளா இருந்திருந்தா, நான் எதுக்கு முந்நூறு பக்கம் எழுதணும்?” குரலை உயர்த்தவில்லை. “எங்கப்பன்தான் அவன். நாப்பது வருஷம் எங்கம்மாகிட்ட ‘உப்பு’ன்னு கேட்டதத் தவிர வேற பேசல. அவன் செத்தப்புறம்தான் அவ நிம்மதியா ஒக்காந்தா. அந்த நேரத்துல அவன் வாயில தேனத் தடவி அனுப்பிட்டீங்க. இங்க எல்லாரும் கண்ணத் தொடைக்கறாங்க. எங்கம்மா கேட்டா செருப்ப எடுப்பா.”

அவள் சொன்னது முழுக்கச் சரி. ஒரு பிசகால் இரண்டு பேருக்கு, ஹியூவுக்கும் இவளுக்கும், துரோகம் செய்திருந்தேன். பச்சை எழுத்து, சண்டை, ஆஸ்பத்திரி எல்லாம் சொன்னேன். சந்தைப் பட்டியலைப் படிப்பதுபோலத்தான் சொல்ல வந்தது. நீவெஸ் அடுத்த சிகரெட்டைப் பற்றவைத்தாள்.

“என்ன சூப்?”

“லீக் தண்டும் உருளைக்கிழங்கும். அவனுக்கு அது ஒண்ணுதான் வரும்.”

“சாப்பிட்டியா?”

“பாக்கவே இல்ல.”

அவள் சாம்பலைப் படிக்கு வெளியே தட்டினாள். “சரி. அது உன் புருஷன். இது எங்கப்பன். ரெண்டு பேரையும் ஒரே அடுப்படியில ஒக்கார வைக்காதே. அடுத்த பதிப்புல எடுத்துடு, போதும். இன்னிக்குப் பரிச வாங்கிக்கோ. நான் வாய் தொறக்க மாட்டேன். எங்க குடும்பத்துக்கு அது நல்லா வரும்.”

இதைவிட நல்ல ஏற்பாட்டை யாரும் செய்துதர முடியாது. நானும் தலையாட்டினேன். வாங்கிக்கொள்வது என்றுதான் மாடியேறினேன்.

கூடத்தில் நாற்காலிகள் நிறைந்திருந்தன. ஃபிலோமினா புதுக் கோட்டைக் கழற்றாமல் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். முன்வரிசையில் பேராசிரியர். என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “அந்த வரி” என்றார். “என் மனைவிகிட்டப் படிச்சுக் காட்டினேன். ஒரெஸ்தேவ மன்னிச்சுட்டேன்னு சொன்னா.”

அப்போதுதான் ஏதோ ஒன்று தெரிந்தது. பதினான்கு மாதத்தில் முதல் முறையாகக் கன்னம் வலித்தது. அது எங்கள் வீட்டு சூப். வாய் திறந்து ஒரு நன்றி சொல்லாத ஒரு விலாங்குக்காரனுக்கு, ஊரே அதைத் தூக்கிக் கொடுத்து மன்னித்துக்கொண்டிருந்தது. இன்றைக்கு நான் பேசாமல் இருந்தால் அந்த வரி ஒரெஸ்தேவுடையதாகவே போய்விடும். அடுத்த பதிப்பில் எடுத்தாலும் இந்தக் கூட்டம் அவன் சொன்னதாகவே ஞாபகம் வைத்துக்கொள்ளும். நேர்மையால் செய்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பொறாமைதான்.

நீவெஸ் முதலில் படித்தாள். கரகரத்த குரல், ஏற்ற இறக்கம் இல்லாமல். பிறகு நான். புத்தகத்தைப் பிரித்து மேலிருந்து படித்துக்கொண்டே வந்தேன். ஆர்ஜியா ஜன்னலைச் சாத்தினாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். வெளியே தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. புத்தகத்தை மூடினேன்.

கை தட்டினார்கள். பேராசிரியர் தட்டவில்லை. ஒரு குழந்தைக்கு ஞாபகப்படுத்துவதுபோலக் கொஞ்சம் முன்னால் குனிந்தார்.

“அசுந்தா, பதட்டத்துல ஒரு வரி விட்டுட்டீங்க. அதத்தான் எல்லாரும் கேக்கணும்னு ஒக்காந்திருக்கோம்.”

“விடல. அது இந்தப் புத்தகத்தோட வரி இல்ல.”

“ஈடுசெஞ்சது. தெரியும். அதத்தான் நாங்க—”

“ஈடும் இல்ல ஒண்ணும் இல்ல. நானும் என் கணவரும் ஒரே கோப்புல வேல செய்வோம். வீட்டு விஷயத்தையும் அதுலயே எழுதி வெப்போம். அன்னிக்குக் காலையில நாங்க சண்ட போட்டோம். அவர் ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி சூப் செஞ்சு வெச்சுட்டு எனக்கு எழுதி வெச்சுட்டுப் போனார். நான் அதப் பாக்கல. பாக்காம அச்சுக்கு அனுப்பிட்டேன். கடைசி அத்தியாயம் முழுக்க நான் பாக்கல. ஒரெஸ்தே யாருக்கும் சூப் வெக்கல. தயவுசெஞ்சு அவன மன்னிக்காதீங்க.”

யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார். இமோஜன் உறையைக் கையில் வைத்தபடி எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் மேடையோரம் நின்றாள். நடுவர்கள் மூவரும் எழுந்து கோட்டு மாட்டும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அவர்கள் வரும்வரை ஜனங்கள் என்னைப் பார்க்காமல் ஆலிவ் தின்றார்கள். நீவெஸ் மட்டும் மேடைமேல் என் பக்கத்து நாற்காலியில் கால் எட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

இருபது நிமிடம் கழித்து முடிவைச் சொன்னார்கள். இரண்டு மொழிபெயர்ப்பாளர்களின் பெயரில் வந்த நூலில் கடைசி அத்தியாயத்தை ஒருவர் பார்க்கவே இல்லை என்பதால் பரிசு அடுத்த நூலுக்குப் போகிறது. அடுத்தது கவிதை மொழிபெயர்த்த ஒரு சின்னப் பெண். மேடையில் நின்று எனக்காக அவள் அழுதாள். எனக்கு வரவில்லை.

போகும்போது பேராசிரியர் படிக்கட்டில் வழிமறித்தார். அவமானத்தில் காது சிவந்திருந்தது.

“ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். அந்த வரியோட அது இன்னும் நல்ல புத்தகம்.”

“நல்லா இருக்கறது வேற, அதுல இருக்கறது வேற, புரொஃபசர்” என்றேன். ஹியூவிடம் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம். அன்று காலை இதைச் சொல்லியிருந்தால் அவன் சிரித்திருப்பான், நான் வீட்டிலேயே இருந்திருப்பேன்.

பெட்ஃபோர்டு ரயிலில் லூட்டன் வரைக்கும் ஃபிலோமினா ஓயவில்லை. கைக்கு எட்டியதை வாயருகே கொண்டுபோய்க் கீழே கொட்டின ஒரே மனுஷி நான்தான் என்றாள். கோட்டுக்குக் கொடுத்தது வீண் என்றாள். பதிப்பகத்துக்காரன் இனிமேல் எனக்குத் தபால்தலைகூட அனுப்பமாட்டான் என்றாள். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். லூட்டன் தாண்டியதும் திடீரென்று நிறுத்திவிட்டாள். கைப்பையைத் திறந்து மூடினாள்.

“பச்சக் கலரு மூடி போட்ட குண்டானா?”

“எது?”

“சூப் இருந்தது.”

நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

“வியாழக்கெழம நான்தான்டி கொட்டினேன். அடக்கத்துக்கு ஜனம் வருதேன்னு சமையக்கட்ட ஒதுங்க வெச்சேன். மூணு நாளா அடுப்பு மேலயே இருந்திருக்கு. ஒரு வாடை. தண்ணி மாதிரி வேற இருந்துச்சு. இவனுக்கு ஒரு சூப் வைக்கத் தெரியுதா பாருன்னு சொல்லிக்கிட்டே கொட்டினேன்.” கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். “ஒரு கிண்ணத்தக் கவுத்து வெச்சிருந்தான். பக்கத்துல ஒரு ஸ்பூனு. நான் அதையும் கழுவி வெச்சுட்டேன்.”

“ஒரு கிண்ணமா, ரெண்டா?”

“ஒண்ணுதான்.”



மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஹியூவின் நேரத்தில் அவன் நாற்காலியில் உட்கார்ந்தேன். கம்ப்யூட்டரைத் திறந்து கடைசி அத்தியாயத்தைத் திறந்தேன். கறுப்பு எழுத்துக்கு நடுவில், சொன்ன இடத்திலேயே, பச்சையில் அந்த வரி இருந்தது. ‘ஒருவழியாக’ இல்லை. அதை அவன் எடுத்திருந்தான்.

விதி எனக்கு மறக்கவில்லை. அந்த வரிக்குக் கீழே போய்ச் சிவப்புக்கு மாற்றினேன்.

‘பார்த்தேன். தங்கச்சி வீட்டில் உன் போனுக்காக நாலு மணி வரைக்கும் காத்திருந்தேன். சூப்பை ஃபிலோமினா கொட்டிவிட்டாள்.’

இனி இரண்டையும் அழிக்க வேண்டும். விரல் அந்தப் பொத்தான்மேல் இருந்தது, அழுத்தவில்லை. மேஜைமேல் சொட்டுச் சொட்டாக விழ ஆரம்பித்தது. துணி சிங்க் பக்கத்தில் கிடந்தது. நான் எழுந்து போய் எடுக்கவில்லை.